செத்த பிறகு சிரித்தது

ஆகஸ்ட் 6, திங்கள்

விடியும்போதே ஆடிக் காற்று. கொல்லையில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை உச்சியில். ஏறி எடுக்கவில்லை. முழங்கால்.

மணவாள நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடை. அங்கிருந்து பெரியபாளையம், பிறகு புதுவாயல், பிறகு கும்மிடிப்பூண்டி. மூன்று பஸ். கம்பெனி வேன் கோடம்பாக்கத்திலிருந்து நேராக வருகிறது. நான் அதன் வழியில் இல்லையாம். ஆடி மாதம், பெரியபாளையம் வரை நிற்கக்கூட இடமில்லை. கூடை, சேவல், வேப்பிலைக் கட்டு, மொட்டை போடப் போகும் குழந்தைகள். என் கால்மேல் ஒரு அம்மாளின் பொங்கல் பானை. எடுங்கள் என்றேன். "சாமி பானைப்பா, இன்னா கனம் கனக்குது?" என்றாள்.

பையில்: துண்டு, தயிர் சாதம், தைலம், மூக்குக் கண்ணாடி, சொந்த மீசை இரண்டு. கம்பெனி மீசை அரிக்கிறது.

இந்தப் படத்தில் நான் மேஸ்திரி. இரும்புப் பட்டறை மேஸ்திரி. ஏழு சீன். ஏழாவதில் சாவு. இருபது வருஷத்தில் எனக்கு ஏழு சீன் வந்ததில்லை. டைட்டிலில் தனி கார்டு என்று டைரக்டர் தன் வாயாலேயே சொன்னார். இதுவரை என் பேர் எட்டுப் பேரோடு சேர்ந்துதான் வரும். என் சம்சாரம் கனகா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். வேதாசலத்தில் வே-தா என்பதற்குள் கார்டு போய்விடும். தனி கார்டு என்றால் முழுசாகப் படித்து முடிப்பாள். இதற்காகத்தான் மூன்று பஸ்.

நிஜமான தொழிற்சாலை. ஒரு ஷெட் மட்டும் நமக்கு. மற்ற ஷெட்டுகளில் வேலை நடக்கிறது. காக்கி உடுப்பு, காதில் பென்சிலோடு நான் டீ குடிக்க வெளியே வந்தால் வாட்ச்மேன் சலாம் வைக்கிறான். கொஞ்சம் தள்ளி ஒரு ஆள், முனுசாமி என்று பேராம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"புது மேஸ்திரியா? வெள்ளி, சனி ரெண்டு நாள் லீவு வோணும் மேஸ்திரி. ஊட்ல எல்லாரும் பெரியபாளையம் போறோம். பழைய மேஸ்திரி இருந்தா குடுத்துருப்பாரு."

நான் நடிகன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எந்தப் படம், என்ன வேஷம், உன்னைப் பார்த்ததே இல்லையே என்று அரை மணி நேரம் போகும். அலுப்பு. "போயிட்டு வா, திங்கக்கெயமை டைமுக்கு வந்துடணும்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

பத்திரிகைக்காரர் ஒருவர் ஒரு தடவை என்னைப் பல்வேஷத் திலகம் என்று எழுதினார். போலீஸ், பூசாரி, டாக்டர், பிச்சைக்காரன், ஜட்ஜ், ராஜா. எது போட்டாலும் பொருந்தும். உண்மை என்னவென்றால் எனக்கென்று ஒரு மூஞ்சி கிடையாது. அதனால் எல்லாம் பொருந்துகிறது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு மேக்கப். ஷாட் மாலை ஐந்தே முக்காலுக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு அதுவும் முடியவில்லை. கும்மிடிப்பூண்டி ஈ தனி ஜாதி. மீசைப் பசை அதற்குப் பிடிக்கிறது.

சாவு இப்படி: மேலே தொங்கும் சங்கிலி அறுந்து இரும்புச் சட்டம் என் மேல் விழுகிறது. சட்டம் அட்டை, கறுப்புப் பெயின்ட். ரத்தம் கம்பெனி ரத்தம், தித்திக்கும், எறும்பு வரும். மகள் பேரைச் சொல்லிவிட்டுக் கண் திறந்தபடி சாக வேண்டும்.

ஒரே டேக். டைரக்டர் "கட்" என்றார். வெளிச்சம் போய்விட்டதால் எல்லாரும் ஓட்டம்.

நான் அப்படியே கிடந்தேன். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தாமல் ஓட விடுவார்கள். செத்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சும்மாதான் செத்தேன், நிஜமில்லை என்று அர்த்தம். அந்தத் துண்டு படத்தில் வராது. தோஷம் கழிய மட்டும்.

அசிஸ்டென்ட் டைரக்டர் வந்து கையைக் கொடுத்துத் தூக்கினார். நல்ல பிள்ளை, கண்ணாடி போட்டவர். "சார், சிரிக்கிறதுக்கு பிலிம் இல்ல சார். கச்சா பிலிமுக்கு எவ்ளோ பேஜாருன்னு ஒங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். தலையாட்டினேன். இது மாதிரி நாளில் மேக்கப் கண்ணாடியைப் பார்த்தாவது சிரிக்கப் பார்ப்பேன். இன்று அதுவும் இல்லை. வாய் வரவில்லை.

வீடு வந்ததும் கனகா (இனி க. என்றே எழுதுகிறேன், மை மிச்சம்) சொம்பில் தண்ணீர் தந்தபடி கேட்டாள்: "சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

மிளகு ரசம். அப்பளம் நமுத்திருந்தது.

ஆகஸ்ட் 8, புதன்

ஷூட்டிங் இல்லை. காற்று நிற்கவில்லை. வேட்டி இன்னும் முருங்கையில்.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன்.

நாடகத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எத்தனை தடவை செத்தாலும் கடைசியில் மங்களம் பாடும்போது வரிசையில் வந்து நிற்போம். கழுத்தறுபட்ட ராஜா, விஷம் குடித்த ராணி, எல்லாரும் கைகூப்பி. கல்யாணமான புதிதில் க. முன் வரிசையில் உட்கார்ந்து என் சாவுகளை முறுக்கு தின்றுகொண்டே பார்த்திருக்கிறாள்.

முதல் சினிமா சாவு: தபால்காரன், பாம்புக் கடி. வேப்பம்பட்டு டூரிங் டாக்கீஸில் பார்க்கப் போனோம். நான் நுரை தள்ளிச் சாகிறேன். படம் ஓடுகிறது. பாட்டு, சண்டை, கல்யாணம், கடைசியில் வணக்கம் என்று போட்டு லைட் எரிந்தது. கூட்டம் எழுந்து போகிறது. இவள் மட்டும் எழவில்லை. "நீ இன்னும் எய்ந்துக்கலையே" என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! மூன்று நாள் சாப்பிடவில்லை. மேக்கப்மேன் ஒருவர்தான் வீட்டுக்கு வந்து இந்தச் சிரிப்பு சமாச்சாரத்தைச் சொல்லித் தேற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் ஒரே கேள்வி. சிரிச்சியா.

மொத்தம் இருபத்தொரு சாவு, நேற்றையதும் சேர்த்து. இதில் கேமரா ஓடியது ஒரே ஒரு தடவை. அன்று ஹீரோவும் என்னோடு சேர்ந்து செத்தார். அவருக்காக ஓட்டினார்கள், ஓரத்தில் நானும் சிரித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் பொய். இருபது பொய்.

மத்தியானம் தூக்கம். கனவு இல்லை. நல்லது.

ஆகஸ்ட் 9, வியாழன்

தூறல். மண் நனையவில்லை.

மெடிக்கல் ஷாப்காரர் தெருவிலிருந்தே கத்தினார்: "வேதாசலம் சார், ஒங்களுக்கு போன்!" அசிஸ்டென்ட்தான். செவ்வாய்க்கிழமை எடுத்த ரீலில் வெளிச்சம் புகுந்துவிட்டதாம். அத்தனையும் வெள்ளை. வருகிற 14ஆம் தேதி திரும்ப எடுக்கிறார்கள். திரும்பச் சாக வேண்டும். அவ்வளவுதானே, சரி என்றேன்.

க. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறம் நின்றது.

"மறுக்கா சாவணுமா?"

"ஆமா."

"அப்போ நீ சிரிச்சது? அதும் அந்த பிலிம்லதான கீது? அதும் பூட்ச்சா?"

இருபது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பு வேறு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வசனம் மனப்பாடம் செய்தவன். ஆனால் மூன்று பஸ் ஏறி இறங்கிய உடம்பு, பொய்க்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

"நான் சிரிக்கவே இல்ல கனகு."

"செவ்வாக்கெயமயா?"

"எப்பவுமே."

எத்தனை என்று கேட்டாள். இருபது என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அரிசியைக் குருவி தின்றது. நான் விரட்டவில்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

பேச்சு இல்லை. சோறு மட்டும் வருகிறது, தட்டு கொஞ்சம் பலமாக வைக்கப்படுகிறது.

பால்காரம்மாவிடம் சொல்வது கேட்டது. எனக்குக் கேட்கத்தான். "ஒரு ஆளு இருவது தபா செத்துட்டு வந்து என் கையால துன்னுக்கினு கீறாரு. நான் இத்தினி வருசமா பூவும் பொட்டுமா சுத்திக்கினு கீறேன், எந்த தைரியத்துல? அவரு சிரிச்சாருன்ற தைரியத்துல."

பால்காரம்மா: "வுடு அக்கா. ஆம்பளைங்க அப்பிடித்தான்."

சாயங்காலம் நானே வலியப் போய், செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி போகணும் என்றேன்.

"போவக் கூடாது."

"தனி கார்டு கனகு."

"கார்டு வந்து என் கூட குடித்தனம் பண்ணுமா? முன்ன செத்ததே பாக்கி கீது. அதுக்கு மேல ஒண்ணா? ஏன்யா, எமன் இன்னா எண்ணத் தெரியாதவனா?"

கோபம் வந்தது. நானும் கத்தினேன். இதை விட்டால் எனக்கு வேறு படம் இல்லை, ஐம்பத்திரண்டு வயசு, இனிமேல் சாகிற வேஷம்தான் வரும் என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கேவலமாக இருந்தது. இரண்டு பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை கட்டி வலம் வரப்போவதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் துணைக்கு வரட்டுமா என்றேன். சுவர் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

க. விடிகாலை முதல் பஸ்ஸில் போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. தலையில், காதுக்குப் பின்னால், இன்னும் வேப்பிலை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்தாள்.

"படு."

"எதுக்கு?"

"ஆத்தா கிட்ட கேட்டுட்டு வந்துட்டேன். வெள்ளைக்காரன் டப்பா முன்னாலதான் சிரிக்கணும்னு எங்கியாவது எயுதி கீதா? நான் பாக்குறேன். ஒண்ணொண்ணா சாவு. ஒண்ணொண்ணா சிரி."

படுத்தேன். எதிர்த்து நிற்கத் தெம்பில்லை, அதுதான் உண்மை. அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, வலது கையைக் குழல் மாதிரி சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டாள். கேமரா.

1. தபால்காரன், பாம்பு. நுரைக்குப் பதில் எச்சில். சிரித்தேன். "இது நாடகத்துல வர்ற மந்திரி சிரிப்பு. செல்லாது."

2. போலீஸ்காரன், குண்டு. சிரித்தேன். "இது அந்த டாக்டர் படத்து சிரிப்பு."

3. பூசாரி, கிணறு. பாயிலேயே முழுகினேன். "பல்லைக் காட்டுறே. சிரிக்கல."

4. ஜட்ஜ், மாரடைப்பு. நாற்காலி வேண்டும் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள்.

இப்படியே போயிற்று. என்னிடம் எத்தனை சிரிப்பு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனையும் எந்தப் படத்தில் போட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழாவதோ எட்டாவதோ சாவில் கேட்டாள்: "ஒன் சிரிப்பு எங்கய்யா வச்சிக்கினு கீற?" எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன். கல்யாணத்தன்று எப்படிச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம் வரவில்லை.

பதிமூன்றாவது, பிச்சைக்காரன், குளிர். சுருண்டு படுத்துச் சாக வேண்டும். சுருண்டு படுத்தேன். காற்று நன்றாக வந்தது.

பிறகு என் மார்பில் யாரோ உலக்கையால் குத்துகிற மாதிரி. கண்ணைத் திறந்தால் க. இரண்டு கையாலும் அடிக்கிறாள், ஓவென்று அலறுகிறாள், வாசலில் பால்காரம்மா, எதிர்வீட்டுக்காரர், யாரோ தண்ணீரை என் முகத்தில் ஊற்றுகிறார்கள்.

"தூங்கிட்டேன் கனகு" என்றேன்.

எல்லாரும் போன பிறகு வெகுநேரம் அழுதாள். நான் அவள் காதுக்குப் பின்னால் இருந்த வேப்பிலையை எடுத்துப்போட்டேன். சிரிப்பு ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "செவ்வாக்கெயமை நானும் வர்றேன்."

ஆகஸ்ட் 14, செவ்வாய்

மூன்று பஸ், இரண்டு பேர். க. ஜன்னலோரம். புளியோதரை, வடாம். புதுவாயலில் இறங்கி டீ. அவளுக்கு லாரிகள் புதுசு. "இத்தினியும் கல்கத்தாவுக்கா போவுது?" என்று நாலு தடவை கேட்டாள்.

வாட்ச்மேன் எனக்குச் சலாம் வைத்தான். க. என்னைத் திரும்பிப் பார்த்தாள், கொஞ்சம் பெருமையாக. நானும் பதிலுக்குச் சலாம் வைத்தேன்.

டைரக்டரிடம் சம்சாரம் என்று அறிமுகப்படுத்தினேன். ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மூன்றரைக்கே ஷாட். அட்டைச் சட்டம் விழுந்தது. தித்திப்பு ரத்தம். மகள் பேரைச் சொன்னேன். செத்தேன். "கட்." நல்லா வந்திருக்கு என்று யாரோ சொன்னார்கள். டிராலியை நகர்த்துகிற சத்தம்.

கண் திறந்தபடி கிடந்தேன். மேலே தகரக் கூரை. ஒரு புடவை நடுவில் வந்தது. க. கேமரா முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"யாரும்மா அது? தள்ளு, தள்ளு" என்று டைரக்டர்.

"தள்றேன். சாவ வச்சீங்க இல்ல? எய்ப்பி வுட்டுட்டுப் போங்க."

அசிஸ்டென்ட் ஓடி வந்து, அம்மா, பிலிம் இல்லம்மா என்று கெஞ்சினார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. அவரு சிரிக்காம நான் இந்த எடத்த வுட்டு நவுற மாட்டேன்" என்றாள். இருபது வருஷத்தில் இவள் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. கேமராமேன் வயசானவர், டைரக்டரைப் பார்த்தார், டைரக்டர் கையை விரித்தார். "சரி சார், சிரிங்க" என்றார் கேமராமேன்.

சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் மந்திரி வருகிறான், டாக்டர் வருகிறான். க. கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

அப்போதுதான் வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல். முனுசாமி, புது மொட்டைத் தலை, சந்தனம்.

"அடப்பாவி மேஸ்திரி! நீ குடுத்த லீவுக்கு என்னிய ஆபீசுல மூணு மணி நேரம் நிக்க வச்சி கேள்வி கேட்டானுங்க! எந்த மேஸ்திரிடா குடுத்தான், காட்டுன்னானுங்க. காட்லாம்னு வந்தா நீ செத்துக் கெடக்குறியே நைனா!"

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வயிற்றிலிருந்து. மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. இருமல் வந்தது, நிற்கவில்லை, மறுபடி சிரிப்பு. க. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "இதான், இதான்" என்றாள். கேமரா ஓடுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பிலிம் இருந்ததா, எனக்காகச் சும்மா ஓட்டினாரா, நான் கேட்கவில்லை.

முனுசாமியை அசிஸ்டென்ட்டோடு ஆபீசுக்கு அனுப்பி விஷயத்தைச் சொல்ல வைத்தேன். தப்பு என்னுடையது. சம்பளம் பிடிக்க மாட்டார்களாம். அவன் பெரியபாளையத்துக் குங்குமம் கொடுத்தான், க. இட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "மிச்சம் இருவதுக்கு?"

"அதையெல்லாம் சேர்த்துத்தான் சிரிச்சேன்."

யோசித்துவிட்டு, சரி என்றாள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது. காற்று ஓய்ந்தது. வேட்டி தானாக விழுந்தது, கிழிந்திருக்கிறது.

க. பாட்டு முணுமுணுக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். இரண்டு நாளாகப் பாயில் படுத்தால் உடனே தூக்கம். அவள் இடையில் ஒரு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். தெரியாத மாதிரி கிடக்கிறேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

காலை மழை, நல்ல மழை. கூரை ஒழுகும் இடத்தில் அண்டா வைத்தேன்.

பதினொரு மணிக்குத் தபால். அசிஸ்டென்ட் போட்ட கார்டு. நல்ல கையெழுத்து. அப்படியே:

"வேதாசலம் சாருக்கு வணக்கம். எடுத்த பிலிமை ரஷ் போட்டுப் பார்த்தோம். சாவு சீன் பிரமாதம். கேமராமேன் நீங்கள் சிரித்ததையும் எடுத்திருக்கிறார். மிகவும் தத்ரூபம் என்று டைரக்டர் சொன்னார். அடுத்த சீனில் மகள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டுகிற படத்துக்குத் தனியாக போட்டோ எடுக்க வேண்டாம், அந்தச் சிரிப்பையே பெரிசு பண்ணிப் போட்டுவிடுவோம் என்று உத்தரவு. மகள் அதன் முன் விளக்கேற்றி அழுவதாக சீன். தங்கள் தனி கார்டு உறுதி."

இரண்டு தடவை படித்தேன். அண்டாவில் தண்ணீர் சொட்டுகிறது.

க. அடுப்படியிலிருந்து, கையில் கரண்டியோடு:

"இன்னாய்யா எயுதி கீது?"

"நான் நல்லா சிரிச்சிருக்கேனாம்."